தொலைக்காட்சிப் பதிவுப் பெட்டியில் பழுதுற்ற வன்தட்டை மாற்றுதல்

வீட்டிலுள்ள தொலைக்காட்சிப் பதிவுப் பெட்டி இயங்காமல் நின்றுவிட்டால், "வன்தட்டு கெட்டுவிட்டது, கடையில் வேறொன்று வாங்கி மாட்டினால் போதும்" என்று கூறுவோர் பலர். இக்கூற்றின் முற்பகுதி பல சமயங்களில் மெய்யாகவே இருக்கும். பிற்பகுதியோ சில பெட்டிகளுக்குப் பொருந்தும். வேறு சிலவற்றிற்கு அறவே பொருந்தாது. பொருந்தாத பெட்டியில் வெறுந்தட்டை மாட்டி, அது வேலை செய்யாதது கண்டு, பெட்டியே பாழாயிற்று என முடிவு கட்டி எறிந்துவிடுவதும் உண்டு. அதனினும் வருந்தத்தக்கது, காப்பாற்றியிருக்கக்கூடிய பழைய தட்டை அதற்குள் கெடுத்துவிடுதல். இவ்வேறுபாட்டின் காரணத்தை அறிந்துகொண்டால் பழுது பார்க்கும் முறை தானே விளங்கும்.

கடைகளில் ஹார்ட் டிஸ்க் என வழங்கும் கருவியையே இங்கு வன்தட்டு என்கிறோம். எடுத்துக்காட்டாக, அமெரிக்காவில் 1999-ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் விற்பனைக்கு வந்த டிவோ என்னும் பெட்டியையும் அதன் வழிவந்த பெட்டிகளையும் எடுத்துக்கொள்வோம். அவற்றின் உள்ளமைப்பை வாங்கியவர்களே ஆராய்ந்து வெளிப்படுத்தியுள்ளமையால் அவற்றைப் பற்றித் திட்டமாகப் பேச இயலுகிறது. மேலும், அந்நிறுவனம் 2025-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் பதிவுப் பெட்டிகள் விற்பதை நிறுத்திவிட்டது. ஆகவே, இல்லங்களில் இன்றுள்ள பெட்டிகள் பழுது பார்ப்பதனாலேயே நிலைத்திருக்க முடியும். அவற்றுள் பலவற்றிற்கு உரிமையாளர்கள் 'வாழ்நாள் சந்தா' செலுத்தியுள்ளனர். அச்சந்தா பெட்டியின் வரிசை எண்ணோடு பிணைந்தது. தட்டோடு பிணைந்தது அன்று. தட்டு மாறினும் சந்தா நிலைக்கும். பெட்டியை எறிந்தால் சந்தாவும் உடன் போகும்.

தட்டின் உழைப்பு

வன்தட்டு முதன்முதலில் 1956-இல் ஐ.பி.எம். நிறுவனத்தாரால் வெளியிடப்பட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுக்களைக் கொண்ட அப்பெரிய சாதனம் ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துக்களையே ஏற்றது. இன்று உள்ளங்கையில் அடங்கும் தட்டு அதைப் போல் இலட்சக்கணக்கான மடங்கு ஏற்கிறது. எனினும் அடிப்படைத் தத்துவம் ஒன்றே: காந்தப் பூச்சுடைய தட்டு சுழல்கிறது, அதன்மேல் மிக நெருங்கிய இடைவெளியில் மிதக்கும் தலைப்பு எழுதவும் படிக்கவும் செய்கிறது. மூன்றரை அங்குல வகையில் தட்டின் விட்டம் ஏறத்தாழ 95 மில்லிமீட்டர். நிமிடத்திற்கு 5,400 சுற்று, அதாவது விநாடிக்கு 90 சுற்று எனக் கொண்டால், விளிம்பிலுள்ள ஒரு புள்ளி விநாடிக்கு ஏறக்குறைய 27 மீட்டர் ஓடுகிறது. இது மணிக்கு 97 கிலோமீட்டர் வேகம். தலைப்புக்கும் தட்டுக்கும் இடையிலுள்ள வெளி ஒரு சில நானோமீட்டரே. மனிதத் தலைமயிரின் பருமனோ பல்லாயிரம் நானோமீட்டர். தட்டின் மூடியைத் திறந்து 'உள்ளே என்ன கெட்டது' என்று பார்க்கலாகாது என்பதற்கு இவ்விரு அளவுகளே போதிய காரணம்.

கணினியில் உள்ள தட்டு வேலையிடையே ஓய்வு கொள்கிறது. பதிவுப் பெட்டியின் தட்டுக்கு அவ்வோய்வு இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சியை இடையில் நிறுத்தவும் பின்னோக்கிப் பார்க்கவும் வசதி செய்வதற்காக, டிவோ பெட்டி கடந்த 30 நிமிட நிகழ்ச்சியை எந்நேரமும் தட்டில் எழுதிக்கொண்டே இருக்கிறது; பழையதை அழித்து அதன்மேல் மீண்டும் எழுதுகிறது. பார்ப்பார் எவரும் இல்லாதபோதும் எழுதுகிறது.

இவ்வுழைப்பின் அளவை வகுப்பில் மாணவரைக் கொண்டே கணக்கிடச் செய்யலாம். அமெரிக்க எண்முறை ஒளிபரப்பு அலைவரிசை ஒன்று விநாடிக்கு அதிக அளவாக 19.39 மெகாபிட் தருகிறது. 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே விநாடிக்கு ஏறத்தாழ 2.42 மெகாபைட். இதனை 3,600-ஆல் பெருக்கினால் ஒரு மணி நேரத்திற்கு 8.7 ஜிகாபைட், ஒரு நாளைக்கு 209 ஜிகாபைட். ஒரே சமயத்தில் நான்கு அலைவரிசைகளை ஏற்கும் பெட்டியாயின் இதுபோல் நான்கு மடங்கு வரை ஆகலாம். 1999-ஆம் ஆண்டுப் பெட்டிகளில் ஒன்று ஏறத்தாழ 13 ஜிகாபைட் தட்டைக் கொண்டு 14 மணி நேரம் பதிவு செய்தது என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சுழலும் தட்டோடு வெப்பமும் சேருகிறது. பெட்டி அலமாரியில் அடைபட்டு, பின்புற விசிறியில் தூசு படிந்து நின்றால், தட்டின் ஆயுள் குறைவதில் வியப்பில்லை. புதுத்தட்டு மாட்டியும் விசிறியைத் துடைக்காதவர் மீண்டும் அதே வேலைக்கு வருவார்.

தட்டில் இருப்பது யாது?

தட்டில் நிகழ்ச்சிகள் மட்டுமே இருக்கின்றன என்று எண்ணுவதே பிழையின் பிறப்பிடம். டிவோ பெட்டி உண்மையில் லினக்ஸ் என்னும் இயக்கமுறையில் ஓடும் ஒரு சிறு கணினி. பழைய பெட்டிகளில் அவ்வியக்கமுறை தட்டிலேயே உள்ளது. பலகையில் உள்ள அழியா நினைவகம் செய்வதெல்லாம், மின்சாரம் வந்தவுடன் விழித்து, வரவேற்புத் திரையைக் காட்டி, தட்டைத் தேடிச் சென்று, அங்குள்ள மென்பொருளை அழைத்து வருதலே. காவலாளி கதவைத் திறக்கிறான்; வீட்டை நடத்துவோர் உள்ளே இருக்கின்றனர். வெறுந்தட்டை மாட்டினால் காவலாளி கதவைத் திறந்து நிற்பான். வீட்டில் ஆள் இல்லை.

இத்தட்டுக்கள் பல பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளன. இயக்கமுறையின் கருவும் அடிப்படைக் கோப்புக்களும் இரண்டிரண்டு படிகளாக உள்ளன. மென்பொருள் புதுப்பிக்கப்படும்போது புதியது ஒரு படியில் எழுதப்பட, மற்றையது பழையபடி நிற்கும். எஞ்சிய பெரும்பகுதி எம்.எஃப்.எஸ். எனப்படும் கோப்பு முறைக்கு உரியது. அதிலும் இரு கூறுகள் உண்டு. நிகழ்ச்சி அட்டவணை, பதிவுகளின் பட்டியல், விருப்பங்கள் முதலியன ஒரு கூறில் உள்ளன. இது மிகச் சிறியது. படமும் ஒலியும் மற்றொரு கூறில் உள்ளன. தட்டின் மிகப் பெரும்பாகம் இதுவே. இப்பாகுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்க. நகலெடுக்கும்போது இதன் பயன் தெரியும்.

பெட்டியின் தலைமுறையைப் பொறுத்து நிலைமை மாறுகிறது. 1999-இல் வந்த முதல் வகை, 2002-இல் வந்த இரண்டாம் வகை, உயர் தெளிவுப் படத்திற்கென 2006-இல் வந்த மூன்றாம் வகை, 2010-இல் வந்த பிரிமியர் ஆகிய யாவும் மென்பொருளைத் தட்டில் வைத்தவை. இவற்றிற்கு வெறுந்தட்டு உதவாது. 2013-இல் வந்த ரோமியோ வகை முதலாக ஏற்பாடு மாறிற்று. ரோமியோவில் 3 டெராபைட் வரையுள்ள வெறுந்தட்டை மாட்டினால் பெட்டியே அதனை வகுத்து, மென்பொருளை எழுதி, தொடக்க அமைப்புத் திரைக்கு வந்துவிடும். 2015-இல் வந்த போல்ட் வகை இரண்டரை அங்குலச் சிறு தட்டை உடையது. தட்டு வாங்கும் முன்னர் பெட்டியின் பின்புறம் உள்ள வகை எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டுவது இதனாலேயே.

நம் நாட்டுப் பெட்டிகளைப் பற்றியும் ஒரு சொல். பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் உள்ள கண்காணிப்புக் கேமராப் பதிவுப் பெட்டிகளில் மென்பொருள் பெரும்பாலும் பலகையிலேயே உள்ளது. புதுத்தட்டை மாட்டிப் பெட்டியின் பட்டியலிலிருந்தே வடிவமைத்துவிடலாம். வீட்டுக்கு நேரடியாகச் செயற்கைக்கோள் ஒளிபரப்புத் தரும் நிறுவனங்களின் பதிவுப் பெட்டிகள் வேறு. பெட்டி யாருக்கு உரியது என்பதை ஒப்பந்தத்தில் பார்த்தறியாமல் அவற்றைத் திறக்க வேண்டா.

பழுது எங்கே?

தட்டு தளரும்போது தோன்றும் குறிகள் இவை: படம் திடீரென உறைந்து பின் தொடர்தல், சதுரம் சதுரமாகச் சிதறுதல், தொலைக் கட்டுப்பாட்டுக் கருவிக்குத் தாமதமாக இணங்குதல், தானே அணைந்து மீண்டும் தொடங்குதல், உள்ளிருந்து 'டிக், டிக்' எனத் தாளம் போன்ற ஒலி. பச்சைத் திரையில், கடும் பிழை நேர்ந்துள்ளது, சரிசெய்ய மூன்று மணி நேரம் ஆகலாம், மின்சாரத்தை எடுக்க வேண்டா என்னும் அறிவிப்பு வருவதும் உண்டு. அவ்வறிவிப்பை ஒரு முறை மதித்துக் காத்திருக்கலாம். மீண்டும் வந்தால் தட்டின் மேல் நம்பிக்கை வைப்பதில் பொருளில்லை.

ஆயினும் இக்குறிகளுட் பலவற்றை மின்வழங்கிப் பலகையும் காட்டவல்லது. மூன்றரை அங்குலத் தட்டு 5 வோல்ட், 12 வோல்ட் என இருவகை மின்னழுத்தம் வேண்டுவது. சுழலத் தொடங்கும் கணத்தில் 12 வோல்ட் வழியில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். மின்வழங்கியிலுள்ள மின்தேக்கிகள், அதாவது கண்டென்சர்கள், வெப்பத்தால் தளர்ந்திருந்தால் அக்கணத்தில் மின்னழுத்தம் சரியும். தட்டு சுழலத் தொடங்கி நிற்கும். பெட்டி மீண்டும் மீண்டும் தொடங்கும். மூன்றாம் வகைப் பெட்டிகளில் இப்பழுது மிகுதி. மின்தேக்கியின் தட்டையான தலை உப்பியிருந்தாலோ, பழுப்பு நீர் கசிந்திருந்தாலோ ஐயமில்லை. தட்டு வாங்கச் செலவிடுமுன் இதனைப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

திரையும் ஒரு சாட்சி. மின்சாரம் தந்தவுடன் வரும் முதல் வரவேற்புத் திரை பலகையின் நினைவகத்திலிருந்து வருவது. அடுத்து வரும் 'இன்னும் சில விநாடி' என்னும் திரை தட்டிலிருந்து வருவது. முதல் திரையிலேயே பெட்டி நின்றால், பலகை உயிரோடிருக்கிறது, தட்டைப் படிக்க முடியவில்லை என்று கொள்ளலாம். இரண்டாம் திரைக்கு வந்து மீண்டும் முதலுக்குத் திரும்பினால், தட்டு ஓரளவு படிக்கப்படுகிறது. ஒரு திரையும் வரவில்லையாயின் தட்டைக் குறைகூறுமுன் மின்வழங்கியைச் சோதிக்க வேண்டும்.

திறக்குமுன்

மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். விசையை அணைப்பது மட்டும் போதாது. மின்வழங்கியின் பெரிய மின்தேக்கி, கம்பியைப் பிடுங்கிய பின்னும் மின்னேற்றத்தைச் சிறிது நேரம் வைத்திருக்கும். 120 வோல்ட் வழங்கும் அமெரிக்காவில் அது ஏறத்தாழ 170 வோல்ட். 230 வோல்ட் வழங்கும் நம் நாட்டில் 325 வோல்ட். சில பெட்டிகளில் மின்வழங்கிப் பலகைக்கு மூடியே கிடையாது; தட்டை எடுக்கும் கை அதன்மேல் எளிதாகப் படக்கூடும். சில நிமிடங்கள் காத்திருந்து, அப்பலகையின் மேல் அட்டையொன்றை வைத்து மறைத்துக்கொண்டு வேலை செய்வது நன்று. இதனை மாணவர் எதிரில் செய்து காட்டும் ஆசிரியர், அவர்களைத் தள்ளி நிற்கச் செய்தல் வேண்டும்.

திருகாணிகளின் தலை ஆறு முனை நட்சத்திர வடிவினது. டார்க்ஸ் 10, 15 ஆகிய எண்ணுள்ள திருப்புளிகள் போதும். தட்டைத் தொடுமுன் தரையிணைப்புள்ள உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்க. முதலிரு வகைப் பெட்டிகளில் அகன்ற பட்டைக் கம்பி வடம் உள்ளது. மூன்றாம் வகை முதலாக ஒடுங்கிய சாட்டா வடம். பட்டை வடத்திற்கு ஏற்ற தட்டுக்கள் இப்போது புதிதாகக் கிடைப்பது அரிதாதலால், இடையே ஒரு மாற்றுப்பலகை வைத்துச் சாட்டா தட்டையே பொருத்துவோர் உளர்.

நகலெடுத்தல்

இவ்வேலையின் உயிர்நிலை இங்குள்ளது. தளரும் தட்டு இன்னும் ஓரளவு படிக்கப்படுமாயின், அதன் முழு உருவத்தையும் புதுத்தட்டில் அப்படியே நகலெடுத்துவிடலாம். மென்பொருளும் பதிவுகளும் ஒருங்கே பிழைக்கும். எனவே குறிகள் தோன்றிய பின் பெட்டியைத் தொடர்ந்து ஓடவிடுதல் கூடாது. 'இன்னும் இரண்டு நாள் பார்ப்போம்' என்று ஓட்டும் ஒவ்வொரு மணியும் படிக்கக்கூடிய பரப்பைக் குறைக்கிறது.

பழைய தட்டையும் புதிய தட்டையும் ஒரு கணினியில் இணைக்க வேண்டும். விண்டோஸ் கணினி டிவோ தட்டைக் கண்டறியாமல், இதனைத் தொடங்கி வைக்கலாமா என்று வினவும். வேண்டா என்றே விடையளிக்க. உடன்பட்டால் தட்டின் முதற்பிரிவில் அது தன் குறிப்பை எழுதிவிடும். பிரிவுகளின் வரைபடம் கெட்டுவிடும். லினக்ஸ் கணினியில் டிடிரெஸ்க்யூ என்னும் மென்பொருளைக் கையாள்வது சிறந்தது. சாதாரண நகல் மென்பொருள் படிக்க இயலாத இடத்தில் நின்றுவிடும். இதுவோ எளிதிற் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, இடர்தரும் இடங்களுக்குப் பின்னர் திரும்பி வருகிறது. எடுத்தது எது, விட்டது எது என்பதை ஒரு கோப்பில் எழுதி வைப்பதால், இடையில் மின்தடை ஏற்பட்டாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நம் ஊர்களில் இது சிறு நன்மை அன்று.

கட்டளையில் முதலில் எழுதப்படுவது மூலத்தட்டு. இரண்டாவது நகல் தட்டு. வரிசை மாறினால் வெறுந்தட்டின் வெறுமை பழைய தட்டின்மேல் எழுதப்படும். அதன்பின் மீட்பதற்கு ஒன்றும் இராது. ஆகையால் இரு தட்டுக்களின் வரிசை எண்களையும் கணினித் திரையில் கண்டு, தாளில் எழுதி, அருகில் ஒருவர் இருந்தால் அவரைக் கொண்டு உரக்கப் படிக்கச் செய்து, பின்னரே கட்டளையைத் தருக. சடங்குபோல் தோன்றினும் இதனை விட்டுவிடலாகாது.

500 ஜிகாபைட் தட்டை, பழைய யு.எஸ்.பி. இணைப்பில் விநாடிக்கு 30 மெகாபைட் வீதம் நகலெடுக்க ஏறத்தாழ நாலரை மணி நேரம் பிடிக்கும். நேர் சாட்டா இணைப்பில் விநாடிக்கு 100 மெகாபைட் கிடைத்தால் ஒன்றரை மணிக்குள் முடியும். இவை நலமான தட்டுக்குரிய கணக்கு. நோயுற்ற தட்டு நாட்கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். அக்காலம் முழுவதும் ஒரு சிறு விசிறியின் காற்று அதன்மேல் படுமாறு வைக்க.

சில இடங்கள் எவ்வளவு முயன்றும் படியாமல் நின்றால் மனம் தளர வேண்டுவதில்லை. முன்னர்க் கூறிய பாகுபாட்டை நினைவுகூர்க. தட்டின் மிகப் பெரும்பாகம் படப்பகுதி. பழுதுற்ற இடங்கள் அங்கு விழுவதற்கே வாய்ப்பு மிகுதி. அவ்வாறாயின் நகலில் ஒரு நிகழ்ச்சி ஓரிரு விநாடி சிதறித் தெரியும், அவ்வளவே. சிறிய பட்டியற் பகுதியில் பழுது விழுந்தால் பச்சைத் திரை வந்து, பெட்டி தானே சரிசெய்ய முயலும். இயக்கமுறையின் பகுதி முற்றும் கெட்டிருந்தால்தான் நகல் பயன்படாது. அந்நிலையில் அதே வகை எண்ணுள்ள வேறு பெட்டியின் தட்டிலிருந்து மென்பொருள் உருவத்தைப் பெற்று எழுத வேண்டும். எழுதி மாட்டிய பின், யாவற்றையும் அழித்துத் தொடங்கும் கட்டளையைப் பெட்டியின் பட்டியலிலிருந்து தருவதும் அவசியம். அதற்குமுன் தட்டும் பலகையும் ஒன்றையொன்று ஏற்பதில்லை.

இவ்விடத்தில் ஒரு பொய் நம்பிக்கையை விலக்க வேண்டும். பெட்டியின் பலகை கெட்டு, தட்டு நன்றாயிருந்தால், தட்டை வேறு பெட்டியில் மாட்டிப் பதிவுகளைக் காணலாம் என்று சிலர் எண்ணுகின்றனர். இரண்டாம் வகை முதலாகப் பதிவுகள் மறைகுறியாக்கம் செய்யப்பட்டுள்ளன; திறவுகோல் பலகையில் உள்ளது. தட்டு மாறலாம், பலகை மாறினால் பழைய பதிவுகள் ஊமையாகிவிடும்.

புதுத்தட்டைத் தேர்ந்தெடுத்தல்

நகல் தட்டு மூலத்தட்டினும் சிறிதாக இருத்தல் கூடாது. பெட்டியின் மேல் ஒரே அளவு அச்சிட்டிருப்பினும் உள்ளபடியான பிரிவுகளின் எண்ணிக்கையைக் கணினியில் ஒப்பிட்டுப் பார்ப்பது நலம். மிகப் பெரிய தட்டும் எப்போதும் நன்மையன்று. முதல் வகைப் பெட்டிகளும், பழைய மென்பொருளுள்ள இரண்டாம் வகைப் பெட்டிகளும், பிரிவுகளை எண்ண 28 இரும இலக்கங்களையே கையாண்டன. 2-இன் 28-ஆம் படி 26,84,35,456. பிரிவு ஒன்றுக்கு 512 பைட் எனப் பெருக்கினால் ஏறத்தாழ 137 ஜிகாபைட். அதற்கு மேலுள்ள இடம் அப்பெட்டிகளின் கண்ணுக்கே புலப்படாது. அடுக்குப் பெருக்கத்தைக் கற்பிக்கும் கணித ஆசிரியர்க்கு இது நல்ல உதாரணம்.

பெரிய தட்டில் நேரே நகலெடுத்தபின், பெட்டி பழைய அளவையே காட்டும். கூடுதல் இடத்தைப் படப்பகுதியாகச் சேர்க்கத் தனி மென்பொருள் வேண்டும். தொடர்ந்து எழுதும் வேலைக்கென, கண்காணிப்புக் கருவிகளுக்காகச் செய்யப்படும் தட்டுக்கள் இங்கும் ஏற்றவை. வேகம் மிகுந்ததை விடுத்து, 5,400 சுற்றளவில் குளிர்ச்சியாக ஓடுவதைத் தெரிந்தெடுக்க. ஓடுகள்போல் ஒரு தடத்தின்மேல் அடுத்த தடம் சற்றே படியுமாறு எழுதும் வகை இடைவிடாத எழுத்துக்கு ஏற்றதன்று. சில விநாடி ஓய்வு கிடைத்தவுடன் தலைப்பை ஒதுக்கிவிடும் சிக்கனத் தட்டுக்களும் பிரிமியர் முதலிய சில பெட்டிகளில் தொல்லை தருகின்றன: மின்சாரம் தந்து தொடங்கும்போது ஓடும், பெட்டி தானே மறுதொடக்கம் செய்யும்போது விழிக்காது.

புதுத்தட்டை மாட்டிய பின் மூடியைப் போடாமலே ஒரு முறை இயக்கிப் பார்க்கலாம். ஆனால் மின்சாரம் உள்ளபோது உள்ளே கை செல்லலாகாது. இரண்டு திரைகளும் கடந்து பட்டியல் தோன்றியதும், ஒரு பழைய பதிவை ஓட்டி, ஒரு புதிய பதிவைச் செய்து, மறுதொடக்கம் ஒன்றும் செய்து பார்க்க வேண்டும். பழைய தட்டில் நாளும் வகை எண்ணும் குறித்த சீட்டை ஒட்டி, ஒரு மாதமேனும் அழிக்காமல் எடுத்து வைக்க. அதன்பின் அது வகுப்பறைக்கு வரலாம்; தூசைப் பற்றிக் கவலையின்றி மூடியைத் திறந்து, தலைப்பையும் தட்டையும் மாணவர்க்குக் காட்ட அப்போது தடையில்லை.